உப்புக் காற்றில் பல்லுக்குப் போட்ட மெட்டல் கேப் துருப்பிடிக்குமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அம்மாவுக்குக் கடைவாய்ப் பல்லில் மெட்டல் கேப் போடச் சொல்கிறார்கள், ஜன்னல் கம்பியே உதிர்ந்துபோகிற ஊரில் அது தாங்குமா?

ராமநாதபுரத்தில் பல் லேபில் கேப் வார்க்கிற வேலை எனக்கு. உப்புக் காற்றை நினைத்துப் பயப்படவே வேண்டாம். துரு இரும்புக்கு வருவது. கேப்புக்கான உலோகக் கலவையில் பெரும்பகுதி நிக்கலும் குரோமியமும், இல்லையென்றால் கோபால்ட்டும் குரோமியமும். குரோமியம் காற்றுப் பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு படலமாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்து இரும்புக்குத் துருப்பிடிக்காமலிருக்கப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இந்தப் படலமோ கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். எச்சிலிலும் உப்பு உண்டு, புளிக்குழம்பும் படும். குரோமியம் 20 சதவீதம் வாக்கில் இருந்து, மாலிப்டினம் என்ற உலோகமும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் நன்றாகவே தாங்கும்.

எனக்குக் கவலை நிக்கலைப் பற்றித்தான். அம்மாவுக்குக் கவரிங் தோடு போட்டால் காது அரித்து நீர் வடியுமா? அப்படியென்றால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். காது குத்திக்கொள்வதால் பெண்களிடம் இது அதிகம். அவர்களுக்கு நிக்கல் கேப் போட்டால் அதைச் சுற்றி ஈறு சிவந்து வீங்கலாம். சந்தேகம் இருந்தால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். முதுகில் மருந்து ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாளில் மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஒவ்வாமை உறுதியானால் கோபால்ட்-குரோமியம் கேளுங்கள். சிலருக்குக் கோபால்ட்டும் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு பீங்கான் வகையான, உலோகமே இல்லாத ஜிர்கோனியா கேப் இருக்கிறது. தங்கக் கலவையும் வாய்க்கு நல்லதுதான், இன்றைய விலையில் யார் போடுவார்கள்?

அப்புறம் பெரிலியம் என்ற உலோகம். சில நிக்கல் கலவைகளில் 2 சதவீதம் வரை இதைச் சேர்ப்பதுண்டு. உருக்கி வார்ப்பது சுலபமாகும், மேலே பீங்கானும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கேப்பை ராவித் தேய்க்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் இறங்கினால் தீராத நோய் வரும். அந்தத் தூசிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது லேபில் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்கள். பெரிலியம் இல்லாத கலவைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. "பெரிலியம் இல்லாததாகப் போடுங்கள் டாக்டர்" என்று நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை எங்கள் மூச்சைக் காப்பாற்றும்.

கேப் போட்ட அன்றே கலவையின் பெயரையும் கம்பெனிப் பெயரையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஈறில் ஏதாவது தொந்தரவு வந்தால், மதுரையில் போய்க் காட்டினாலும் அந்த டாக்டருக்கு உள்ளே என்ன உலோகம் என்று தெரியும்.