இரண்டு ஏக்கரும் ஒரு நோட்டும்

அடுத்து என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டு, போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. மகளுக்கு நீட்டில் இரண்டாவது முறையும் மதிப்பெண் குறைவு. அப்பா தலை நிமிரவில்லை. கூட வந்த பெரியப்பாதான் பேசினார்: "வெளிநாட்டுல எம்பிபிஎஸ் சேர்த்துடலாம். ரெண்டு ஏக்கரைக் கொடுத்தா போச்சு." கொஞ்ச நேரம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். அந்த அப்பாவுக்கு நான் சொல்வது இதுதான்.

சார், நிலத்தை விற்காதீர்கள். அங்கே படித்து முடித்து வந்தாலும், இங்கே இன்னொரு தேர்வு எழுதித் தேறினால்தான் மருத்துவராகப் பதிவு செய்ய முடியும். அதைப் பெரியப்பா சொல்லவே இல்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகளுக்கு அதில் மனசு இல்லை.

அவள் நோட்டைப் பார்த்தீர்களா? உங்கள் குடும்பத்தையே நான்கு தலைமுறைக்கு வரைந்து வைத்திருக்கிறாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. உங்கள் அப்பத்தா வரிசையில் மட்டும் மூன்று இரட்டைக் கோடுகள். ஓரிடத்தில் சின்ன வயதில் இறந்துபோன ஒரு குழந்தை. "ஏன்னு கேட்டா யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றாள். மரபணு மருத்துவத்தில் முதல் வேலையே இந்தக் கேள்விதான்.

இன்ஜினியரிங், நர்சிங் பற்றி உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நான் சொல்வது ஜெனடிக் கவுன்சிலிங். நோய்க்குக் காரணமான மரபணுவைப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அதன் பொருளைக் குடும்பத்துக்குப் புரியவைக்கும் வேலை. பீட்டா தலசீமியா என்ற ரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 11ஆம் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுவில் கோளாறு. கணவன், மனைவி இருவருமே அதன் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று நம்பும் பெற்றோர் உண்டு. சீட்டுக் குலுக்கல் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் நடக்கும். இதை அவர்களிடம் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும். ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளையவைக்கும் அரிவாள் செல் மரபணுவை நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952இலேயே கண்டறிந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கும் இப்படி ஒருவர் தேவை.

மூளையை மெல்லச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனின் கதையைச் சொன்னதும் அவள் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் ரத்தத்தையும் வம்சாவளியையும் சேர்த்துவைத்து, 1983இல் நோய்க்கான மரபணு இருக்கும் பக்கத்தைக் காட்டும் ஓர் அடையாளக்குறி 4ஆம் குரோமோசோமில் கிடைத்தது. ஊர் தெரிந்தது, வீடு தெரியவில்லை. மரபணுவே கைக்கு வர 1993 ஆனது. அதில் டிஎன்ஏவின் மூன்றெழுத்துத் துணுக்கு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. 40 தடவையோ அதற்கு மேலோ வந்தால் நோய். நோயை நிறுத்த மருந்து இல்லாதபோது, பரிசோதனை செய்துகொள்வதா என்று முடிவெடுப்பவரோடு உட்கார்ந்து பேசுவதும் இந்த வேலைதான். எல்லா ரிப்போர்ட்டும் பளிச்சென்று பதில் தராது. 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வரும், அதாவது மரபணுவில் மாற்றம் இருக்கிறது, அது நோய் தருமா என்று தெரியவில்லை. அதைப் பார்த்துப் பயமுறுத்தவும் கூடாது, மழுப்பவும் கூடாது.

வழி இதுதான். விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக், எதில் வேண்டுமானாலும் பிஎஸ்சி, நீட் தேவையில்லை. பிறகு எம்எஸ்சி. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை, கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் துறை. மணிபாலில் கவுன்சிலிங்குக்கே தனி எம்எஸ்சி. வெறும் பிஎஸ்சியோடு நின்றால் பயனில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையும் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் மாதிரி ஊர்களில்தான். ஆரம்பச் சம்பளம் பெரியப்பா ஊரில் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. ஆனால் கடன் இருக்காது, நிலம் இருக்கும்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். ஆய்வகம் எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். அங்கே கேள்வி கேட்க வேண்டியது அவள். பெரியப்பா வீட்டில் இருக்கட்டும். அப்புறம், அந்தக் குழந்தை எப்படி இறந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு அவளுக்குச் சொல்லுங்கள்.