அப்பச்சி லேப்டாப்புக்கு பேக்கப்: ஒரு டிஸ்க் போதும்

காரைக்குடி வீட்டில் அப்பச்சி மட்டும், விண்டோஸ் லேப்டாப்பில் 300 ஜிபி கல்யாணப் படங்களும் கணக்கும், நீங்களோ சிங்கப்பூரில். கிளவுட் வேண்டாம்; பாஸ்வேர்டு கேட்டாலே உங்களுக்குத்தான் போன் வரும். 1 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். கண்ட்ரோல் பேனலில், விண்டோஸிலேயே இருக்கும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரியை ஆன் செய்யுங்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பழைய பிரதிகளை ‘இடம் தேவைப்படும் வரை’ வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் டிஸ்க் நிரம்பி பேக்கப் நிற்கும், எச்சரிக்கையை அவர் கவனிக்கவும் மாட்டார்.

பலர் கோட்டை விடுவது டி டிரைவில். ஃபைல் ஹிஸ்டரி டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி இடங்களைத்தான் பார்க்கும். டி-யில் கிடக்கும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து லைப்ரரியில் சேர்த்துவிடுங்கள்; அப்போதுதான் அதுவும் பேக்கப் ஆகும்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பச்சி டிஸ்க்கைச் செருகி, ஃபைல் ஹிஸ்டரியில் ‘ரன் நவ்’ அழுத்தட்டும். முடிந்ததும் எஜெக்ட் செய்து பீரோவில். செருகியே விட்டால் இடி மின்னலில் லேப்டாப்பும் டிஸ்க்கும் சேர்ந்து போகலாம். ஊருக்கு வரும்போது ஒரு படத்தை ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள்.