ஐந்து பேருக்கு ஒரே கப்பலா?

பயணக் கப்பல்களில் 17 வருடம் ரிசப்ஷனில் நின்று அலுத்து, இப்போது தூத்துக்குடியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் மூன்று நாள் போய்வரலாம் என்கிறார் கணவர். அவருக்குத் தூங்கினால் போதும். மாமனாருக்குக் கோயில் வேண்டும். மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். பத்து வயது மகனுக்குத் தண்ணீரைக் கண்டால் விட மனசு வராது. நான் ஒரு புத்தகத்தை நிம்மதியாகப் படித்து முடித்தால் அதுவே பெரிது. எல்லோருக்கும் ஒரே கப்பல் சரிப்படுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சரிப்படும் சகோதரி. ஆனால் கப்பலுக்கு எத்தனை மாடி என்று பார்க்காதீர்கள், எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் ‘கோலாலம்பூர்’ என்று இருக்கும். கப்பல் நிற்பதோ கிள்ளான் துறைமுகத்தில். அங்கிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய் இறங்கினால் 272 படி. மாமனாரின் முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை.

பினாங்கு போகிற கப்பலாக எடுங்கள். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் எதிரிலேயே ஜார்ஜ் டவுன் நகரம். கொஞ்ச தூரம் நடந்தால் குயின் தெருவில் 1833-இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில், சுற்றிலும் நம் ஆட்களின் கடைகள். என் அம்மாவை ஒருமுறை அழைத்துப் போனேன். அம்மன் தரிசனத்தைவிட, பூக்கடைக்காரர் “ஊர்லேர்ந்து வர்றீங்களாம்மா?” என்று கேட்டதைத்தான் ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். தாய்லாந்தின் புக்கெட்டும் பட்டியலில் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கரையில் கட்டுவார்களா, கடலிலேயே நிறுத்திச் சின்னப் படகில் இறக்குவார்களா? படகு ஒரு பக்கம் ஆடும், கப்பல் ஒரு பக்கம் ஆடும், நடுவில் பெரியவர்கள் கால் வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதாது. புக் செய்யும்போதே ‘ஜெயின்’ என்று எழுதச் சொல்லுங்கள், சமையலறைக்கு அதுதான் புரியும். உருளைக்கிழங்கும் வராது. அதற்கு மாமியார் முகம் வாடினால் நான் பொறுப்பில்லை.

கேபின் விஷயம். உங்கள் கணவருக்கு ஜன்னலே இல்லாத உள் கேபின் போடுங்கள். விலையும் குறைவு, விளக்கை அணைத்தால் பகல் பதினொன்றும் நடுராத்திரிதான். மிச்சமாகும் பணத்தில் பெரியவர்களுக்குப் பால்கனி.

அப்புறம் உங்கள் புத்தகம். கப்பல் பினாங்கில் நிற்கும் காலையில் நால்வரையும் கரைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இறங்காதீர்கள். கடலில் ஓடும் நாளில் காலை ஏழு மணிக்கே துண்டு போட்டு நாற்காலி பிடிப்பார்கள். பஸ்ஸில் சீட் பிடிப்பதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. கரையில் நிற்கும் நாளில் மேல்தளம் காலி. கடைகளும் காசினோவும்கூடப் பெரும்பாலும் மூடியிருக்கும். மதியம் மகன் திரும்பினால் தண்ணீர்ச் சறுக்கில் வரிசையே இருக்காது. கரை இறங்காவிட்டாலும் விசா விதிகள் உங்களுக்கும் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 35 வருடம் வரலாறு நடத்தியவன். காசினோ, டான்ஸ் என்றாலே எனக்கு ஒவ்வாது. கப்பல் உங்களுக்கு ஆகாதப்பா என்கிறாள் மகள்.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: மகள் சொல்வது கடல் கப்பலை. நீங்கள் ஆற்றில் போங்கள் சார். எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நைல் நதியில் நான்கு ராத்திரி. வேலையை விட்டதும் நான் முதலில் காசு கொடுத்து ஏறியது அதில்தான்.

நைல் வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகு, வடக்கே போவதற்குப் பாய் இல்லாத படகு. வழிகாட்டி சொன்னபோது மேல்தளத்தில் நின்றிருந்தேன், காற்று என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் படகும் தெற்கேதான் போய்க்கொண்டிருந்தது.

கோம் ஓம்போவில் படகுத்துறையிலிருந்து ஏறினால் கோயில். முதலைமுகச் சோபெக்குக்குப் பாதி, பருந்துமுக ஹோரஸுக்குப் பாதி, வாசல்கூட இரண்டு. கோயில் வளாகத்தில் கிணறு மாதிரி ஒன்று இருக்கும், அவசரப்படாமல் பாருங்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அதில் அளந்து, விளைச்சலைக் கணித்து, வரி போட்டிருக்கிறார்கள். காவிரிக்கரைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பழங்காலத்தில் ரோமுக்கு நம் மிளகும் இந்த ஆற்றில்தான் போனது. செங்கடல் ஓரத்துப் பெரெனிகே துறைமுகத்தில் அகழ்ந்தபோது ஒரு ஜாடியில் 7 கிலோவுக்கு மேல் மிளகு கிடைத்தது. அங்கிருந்து ஒட்டகத்தில் கோப்டோஸ், பிறகு நைல் வழியாக அலெக்சாண்டிரியா. கோப்டோஸ் லக்சருக்குச் சற்று வடக்கே இருப்பதால் உங்கள் படகு அங்கே போகாது. வருத்தம்தான்.

படகை ஏற்றி இறக்கிக் கடத்திவிடும் எஸ்னா மதகில் காத்திருக்கும்போது வியாபாரிகள் ஓடத்தில் வந்து, நீள அங்கியைப் பாலிதீன் பையில் சுற்றி மூன்றாம் மாடிக்கு எறிவார்கள். பிடித்திருந்தால் பணத்தை அதே பையில் போட்டுக் கீழே எறிய வேண்டும். நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே மதகு திறந்துவிட்டது. அங்கி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பாதி விலைக்கு. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள், கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

கேள்வி: நானும் கேமராவும் மட்டும். கூச்சல் இல்லாத கப்பல் உண்டா?
- வாசகர், கோவை

பதில்: நார்வேயின் ஹூர்டிகுருட்டன். 1893-இல் தபால் கப்பலாகத் தொடங்கி, இன்றும் சரக்கும் ஆட்களும் ஏற்றிக் கரையோரம் ஓடும் கப்பல் பாதை அது. பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகம், போய்வர 12 நாள். நடுராத்திரி ஏதோ ஒரு சின்ன ஊரில் கால் மணி நேரம் நின்று சரக்கு இறக்கும், உள்ளூர்க்காரர் இரண்டு பேர் பையோடு ஏறுவார்கள். செலவு அதிகம்தான். குளிர்காலத்தில் போனால் வானில் வடதுருவ ஒளி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.