வாசகர் கேள்வி–பதில்: ஆலைகளும் கட்சிகளும்

கே: பிரிட்டனில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1802லேயே வந்துவிட்டதே. பிறகு ஏன் 1833ஆம் ஆண்டுச் சட்டத்தையே எல்லாரும் பெரிதாகச் சொல்கிறார்கள்?

ப: மேற்பார்வைக்கு ஆள் போட்ட முதல் சட்டம் அதுதான். 1802, 1819 சட்டங்களைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளூர் நீதிபதிகளிடம் இருந்தது. ஆலை முதலாளிகளோடு பழகுகிறவர்களான அவர்கள் தண்டிக்கத் தயங்கினார்கள். 1833இல் விக் கட்சி (லிபரல் கட்சியின் முன்னோடி) அரசு சம்பளம் கொடுத்து ஆய்வாளர்களை நியமித்தது. நாடு முழுவதற்கும் நான்கே பேர்! பருத்தி, கம்பளி ஆலைகளில் 9 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேலை கிடையாது. 13 வயது வரை வாரத்துக்கு 48 மணி நேரம். 18 வரை நாளுக்கு 12 மணி நேரம். ஓட்டை எங்கே விழுந்தது தெரியுமா? அரசுப் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. அதுவரை மருத்துவர் பிள்ளையின் உருவத்தைப் பார்த்துச் சான்று எழுதினார். வயதை ஏற்றிச் சொல்வது சுலபம்.

அடுத்து 1847இல் பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேரம் என்றார்கள். ஆலைக்காரர்கள் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி, யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்று ஆய்வாளரால் கணக்கிட முடியாதபடி செய்தார்கள். 1850 சட்டம் வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் நிர்ணயித்த பிறகே இந்தத் தந்திரம் அடைபட்டது; அதற்கு விலையாக நாளுக்கு அரை மணி நேரம் கூடியது.

கே: தானியச் சட்டத்தை நீக்கியதால் ஒரு கட்சியே உடைந்தது எப்படி?

ப: 1815 சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை விலை குவார்ட்டருக்கு (அக்காலத் தானிய அளவு) 80 ஷில்லிங்கைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்க முடியாது. நிலக்கிழார்களுக்கு லாபம், ஆலை நகரங்களுக்கு விலையேறிய ரொட்டி. பின்னர் இதை விலைக்கேற்ப ஏறி இறங்கும் இறக்குமதி வரியாக மாற்றினார்கள், பகை தீரவில்லை. மான்செஸ்டரில் காப்டன், பிரைட் என்ற இரு தலைவர்கள் நடத்திய தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கத்தின் மேடைப் பேச்சைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில் அதன் உண்மையான பலம் வாக்காளர் பட்டியலில் இருந்தது. எதிராளிகளின் பெயர்களுக்கு ஆட்சேபம் எழுப்பி நீக்க வைத்தார்கள். மாவட்டத் தொகுதிகளில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள சொந்த நிலம் இருந்தால் வாக்குண்டு என்பதால், ஆதரவாளர்களை அத்தகைய நிலங்களை வாங்கச் செய்தார்கள். இன்றைய தேர்தல் வேலையின் முன்மாதிரி அது.

அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது பிரதமர் பீல் தானியச் சட்டத்தை நீக்க முடிவெடுத்தார். 1846 மே மாதம் மசோதா 327க்கு 229 என நிறைவேறியது. ஆனால் அவருடைய கன்சர்வேட்டிவ் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தே வாக்களித்தார்கள். ஜூனில் அவர் ஆட்சி கவிழ்ந்தது. அந்தக் கட்சி மீண்டும் தனிப் பெரும்பான்மை பெற்றது 1874இல்தான். கட்சி உடைந்தபோது பீலின் பக்கம் நின்ற கிளாட்ஸ்டன் பிற்காலத்தில் லிபரல் பிரதமரானார்.

கே: தொழிற்சங்கங்கள் லிபரல் கட்சியை விட்டுத் தனிக் கட்சி தேடியது ஏன்?

ப: பணமும் நீதிமன்றமும். 1900இல் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு (பின்னாளில் லேபர் கட்சி) உருவானபோது பெரும்பாலான சங்கங்கள் ஒதுங்கியே நின்றன. அவ்வாண்டுத் தேர்தலில் அதற்கு 2 இடங்கள். 1901இல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில், வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று தீர்ப்பானது. நஷ்டஈடு 23,000 பவுண்டு. சங்க நிதியே போய்விடும் என்றால் வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் எதற்கு? சங்கங்கள் வேகமாகக் குழுவில் சேர்ந்தன. 1906இல் 29 இடங்கள். லிபரல்களோடு தொகுதிகளில் மறைமுக உடன்பாடு இருந்ததும் காரணம். அதே ஆண்டில் புதிய சட்டம் டாஃப் வேல் தீர்ப்பைச் செல்லாததாக்கியது.

1909இல் ஆஸ்போர்ன் தீர்ப்பு, சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடத் தடை போட்டது. எம்.பி.க்களுக்கு அப்போது சம்பளம் கிடையாது, தொழிலாளி எம்.பி. சங்கப் பணத்தில்தான் வாழ்ந்தார். 1911இல் ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் வந்தது. 1913 சட்டம் தனி அரசியல் நிதியை அனுமதித்தது: முதலில் உறுப்பினர் வாக்கெடுப்பு, விரும்பாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பின் வந்த கன்சர்வேட்டிவ் சட்டம் இதைத் தலைகீழாக்கி, விரும்புகிறவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. சின்ன மாற்றம்போல் தோன்றும். ஆனால் எழுதிக் கொடுக்காமலே இருந்துவிடுகிறவர்கள் ஏராளம், கட்சியின் வருமானம் விழுந்தது. 1946இல் லேபர் அரசு பழைய முறையை மீட்டது.

கே: ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் தொழிலாளர் காப்பீடு கொண்டுவந்தது இரக்கத்தாலா?

ப: சோஷலிஸ்டுகளின் வளர்ச்சியைத் தடுக்க. 1878இல் அவர்களுடைய அமைப்புகளையும் பத்திரிகைகளையும் தடை செய்தார். 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் 70 வயதில் ஓய்வூதியம். நோய்க் காப்பீட்டில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியே கட்டினார். நோக்கம் எதுவானாலும் காயம்பட்டவர்களுக்கு அது பெரிய துணை, அதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஆனால் தடைச் சட்டத்திலும் தேர்தலில் நிற்பது அனுமதிக்கப்பட்டிருந்தது. 1890இல் சோஷலிஸ்டுகளே அதிக வாக்கு பெற்ற கட்சி. 1912இல் நாடாளுமன்றத்தின் 397 இடங்களில் 110 அவர்களுடையவை.