ஸ்பானிய வினையில் 'சே' எதற்கு?

கொழும்பில் ஸ்பானிய மொழி கற்பவரின் கேள்வி: 'லவார்', 'லவார்சே' இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

முதலாவது 'கழுவு', இரண்டாவது ஏறக்குறைய நம் 'கழுவிக்கொள்'. ஆனால் 'கொள்' போலல்லாமல் 'சே' ஆளுக்கேற்ப மாறும்: மே (நான்), தே (நீ), சே (அவன், அவள்), நோஸ் (நாங்கள்), ஓஸ் (நீங்கள், பலர்), சே (அவர்கள்). லத்தீன் அமெரிக்காவில் 'ஓஸ்' வழக்கில் இல்லை, அங்கும் 'சே'தான். பலர் சறுக்குவது 'நாங்கள்' வரும்போது: 'சே லவாமோஸ்' தவறு, 'நோஸ் லவாமோஸ்' சரி.

'மே லாவோ லாஸ் மானோஸ்' என்றால் 'நான் கை கழுவுகிறேன்'. இதில் 'என்' எனும் 'மிஸ்' வேண்டாம். யாருடைய கை என்பதை 'மே' சொல்லிவிடுகிறது.

இந்தச் சொற்களைக் காலமும் ஆளும் காட்டும் வினைக்கு முன்னால் வையுங்கள். 'லவார்' போல காலமும் ஆளும் காட்டாத மூல வடிவத்தில் பின்னால் ஒட்டும்: 'வோய் அ லவார்மே' (கழுவிக்கொள்ளப் போகிறேன்). 'மே வோய் அ லவார்' என்பதும் சரியே. ஏவலில் பின்னால்: 'லாவாத்தே' (கழுவிக்கொள்); விலக்கும்போது முன்னால்: 'நோ தே லாவேஸ்' (கழுவிக்கொள்ளாதே).

'தோர்மிர்' தூங்குவது, 'தோர்மிர்சே' தூங்கிப்போவது. இத்தகைய சோடிகளைத் தனித்தனி வினைகளாகவே மனப்பாடம் செய்யுங்கள்.