கோல் அடித்த கோல் கீப்பர்: ரோஜெரியோ செனி பற்றிய கேள்வி பதில்

கே: கோல் கீப்பர் ஒருவர் 131 கோல் அடித்தார் என்கிறார்களே, நம்பலாமா?

ப: நம்பலாம். 1990 முதல் 2015 வரை பிரேசிலின் சாவோ பாலோ கால்பந்து கிளப்புக்கு ஆடியபோது செனி அடித்தவை. ஒரு எச்சரிக்கை: எண்ணைச் சொல்லும் முன் எண்ணியவர் யார் என்று பாருங்கள். கிளப்பின் கணக்கு 131. நட்பு ஆட்டங்களில் விழுந்த இரண்டை ஒதுக்குபவர்களுக்கு 129.

கே: பந்தை அடிக்க அத்தனை தூரம் போனால் கோலை யார் காப்பது?

ப: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 1997இல் பயிற்சியாளர் முரிசி ராமாலியோ அனுமதி கொடுத்த பிறகுதான் செனி ஃப்ரீ கிக் (எதிரணி தவறு செய்தால் கிடைக்கும் உதை) அடிக்கத் தொடங்கினார். கம்பத்துக்கு மேலே போனால் கவலையில்லை. எதிரணி கோல் கிக் எடுப்பதற்குள் ஓடி வந்துவிடலாம். உதையை மறிக்க எதிரணியினர் வரிசையாக நிற்கும் சுவரில் பட்டுத் திரும்பினாலோ, எதிர் கீப்பர் பிடித்து உடனே வீசினாலோதான் வம்பு. அப்போது முக்கால் மைதானம் தலைதெறிக்க ஓட வேண்டும். பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் அதுவரை எதிரணியைத் தாமதப்படுத்த வேண்டும். அவர் உதையில் பந்து பெரும்பாலும் சுவரைத் தாண்டி வளைந்து இறங்கியது. அதனால்தான் இந்தச் சூதாட்டம் கட்டுப்படியானது.

கே: மொத்தம் 129தானே?

ப: முதல் பதில்.

கே: நூறாவது கோல்?

ப: 2011 மார்ச் 27, பரம எதிரியான கொரிந்தியன்ஸுக்கு எதிராக, ஃப்ரீ கிக்கில். சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். சாவோ பாலோவுக்கு 2–1 வெற்றி. அன்றும் சிலர் 98 என்றார்கள். எண்ணியவர் யார்?

கே: கோல் அடித்ததால் புகழ். நல்ல கீப்பர் என்றால் மார்கோஸ்தான். 2002 உலகக் கோப்பையில் பிரேசிலின் கோலில் நின்றவர் அவர், செனி அல்ல.

ப: மார்கோஸ் மகத்தான கீப்பர், மறுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியின் நொய்வில் அடித்த ஃப்ரீ கிக்கை அவர் கம்பத்தில் தட்டிவிட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆனால் "கோல் அடித்ததால்" என்கிறீர்களே, 2005 டிசம்பரில் யோகோஹாமாவில் நடந்த கிளப் உலகக் கோப்பை இறுதியைப் பாருங்கள். மினெய்ரோ போட்ட ஒற்றை கோலை வைத்துக்கொண்டு லிவர்பூலைத் தாக்குப்பிடித்தது சாவோ பாலோ. ஸ்டீவன் ஜெரார்டின் ஃப்ரீ கிக் மேல் மூலைக்குப் போகிறது. செனி பறந்து விரல்நுனியால் வெளியே தள்ளுகிறார். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அடித்த கோல்கள் இந்தக் கைகளை மறைத்துவிட்டன என்பதுதான் என் வருத்தம்.

கே: அதே வாசகர்தான். பாதிக்கு மேல் பெனால்டி. அதெல்லாம் கணக்கா?

ப: கணக்குதான். 2006 ஆகஸ்டில் க்ருசெய்ரோவுக்கு எதிராக முதலில் ஒரு பெனால்டியைத் தடுத்தார். பிறகு ஃப்ரீ கிக்கில் ஒன்று, பெனால்டியில் ஒன்று என இரண்டு கோல் போட்டு, அதிக கோல் அடித்த கீப்பர் என்று பராகுவேயின் சிலாவெர்ட் வைத்திருந்த சாதனையைத் தாண்டினார். ஆட்டம் 2–2. பெனால்டி அவ்வளவு எளிது என்றால் மற்ற கீப்பர்களும் அடித்திருக்கலாமே?

கே: பிரேசிலின் இன்னொரு கீப்பர் டஃபரேல் பெரியவரா, செனியா?

ப: தேசிய அணி என்றால் டஃபரேல். மார்கோஸ் ரசிகரோடு மல்லுக்கட்டிய பிறகு இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை.

கே: கடைசியாக, 131ஆ 129ஆ?

ப: மேலே போய்ப் படியுங்கள்.