போக்கர் மேசையில் உங்கள் இடம் எது? கேள்வி பதில்

வேறு சொல்லாதவரை எல்லாப் பதிலும் நோ லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுச் சீட்டு ஐந்து), ஆறு பேர் மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் ஒருவர் கட்டாயமாகப் போடும் தொகை; அவர் இடத்துக்கும் அதே பெயர்) என்ற கணக்கில். எண்களும் பிக் பிளைண்டில்தான். ஒரு எச்சரிக்கையை இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுநடுவேயும் சொல்வேன்: ஸ்மால் பிளைண்டில் (அதில் பாதியைக் கட்டாயமாகப் போடும் இடம்) உட்கார்ந்துகொண்டு, இன்னொருவர் ரெய்ஸுக்கு (தொகையை ஏற்றுவது) வெறும் கால் (அதே தொகையைச் சமமாகக் கட்டுவது) போடாதீர்கள்.

திருச்சி: பொசிஷன் பொசிஷன் என்கிறார்கள். சீட்டு நல்லா இருந்தா எங்கே உட்கார்ந்தா என்ன சார்?

இரண்டு விஷயங்களை ஒரே பெயரில் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான்.

முதலாவது, உங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர் பேச, அதாவது தங்கள் முறையில் ஆட, வேண்டும் என்பது. முதல் தரமான 5% சீட்டு வந்தவர் உங்கள் ரெய்ஸை மறுபடி ஏற்றுவார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பேசும் யூ.டி.ஜி. இடத்தில் இருந்தால் பின்னால் ஐந்து பேர். அவர்களில் ஒருவரிடமாவது அந்தச் சீட்டு இருக்க வாய்ப்பு சுமார் 23%. பட்டனில் (சீட்டுப் போடுபவர் இடம்) இருந்தால் பின்னால் இரண்டே பேர், சுமார் 10%. ஒன்பது பேர் மேசையில் யூ.டி.ஜி. என்றால் எட்டுப் பேர்; 34%. அதனால்தான் யூ.டி.ஜி.யில் நூற்றுக்கு 15–18 கைகளைத் திறக்கிறோம் (முதல் ஆளாக ஏற்றுகிறோம்), கட்-ஆஃபில் 25–28, பட்டனில் 40–48. ஒன்பது பேர் மேசையின் யூ.டி.ஜி.க்கு 10–12 போதும்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம்: ஃப்ளாப்புக்கு (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு) அப்புறம் கடைசியில் பேசுவது. ஒரு கையைப் பாருங்கள். நீங்கள் பட்டன், கையில் ஆட்டின் 9-8. 2.5-க்கு ஏற்றினீர்கள், பிக் பிளைண்ட் மட்டும் கால். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 5.5. ஃப்ளாப்பில் இஸ்பேட் கிங், கிளாவர் 8, டைமண்ட் 4. அவர் செக் (பணம் போடாமல் விடுவது). நீங்கள் 1.8 போடுகிறீர்கள், கால் வருகிறது, பாட் 9.1. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) அவர் செக் என்றால் நீங்களும் செக், ரிவரிலும் (ஐந்தாவது) அதே. நடு ஜோடியை வைத்துக்கொண்டு 1.8 செலவில் கடைசிவரை வந்துவிட்டீர்கள்.

இப்போது இடத்தை மட்டும் மாற்றுங்கள். அதே 9-8, அதே ஃப்ளாப், நீங்கள் பிக் பிளைண்ட், அவர் பட்டன். செக், அவர் 1.8, நீங்கள் கால். டர்னில் செக், அவர் 6.8. மடித்தால் (சீட்டை வீசிவிட்டால்) ஜெயிக்கிற கையை மடித்திருக்கலாம். கால் போட்டால் பாட் 22.7, ரிவரில் 17 வந்து நிற்கும். மொத்தம் 25.6. பாட் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முதல் ஆட்டத்தில் நீங்கள் தீர்மானித்தீர்கள், இரண்டாவதில் அவர் தீர்மானிக்கிறார். நடுத்தரக் கைகளுக்குத்தான் இந்த அடி. ஏஸ் ஜோடிக்கும் குப்பைக்கும் அவ்வளவு வலிக்காது.

சேலம்: கட்-ஆஃப் என்பது எந்த இடம்?

பட்டனுக்கு நேர் வலப்பக்கம்.

மதுரை: யூ.டி.ஜி.யில் ஏஸ்-ஜாக், வேற வேற இனம். ஆடலாமா?

ஒன்பது பேர் என்றால் மடியுங்கள். ஆறு பேர் என்றால் எல்லைக்கோட்டில் நிற்கும் கை. பின்னால் அடிக்கடி மறுபடி ஏற்றுகிறவர் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே உங்களை எதிர்த்து வருவது ஏஸ்-கிங், ஏஸ்-குயின், பெரிய ஜோடிகள். ஏஸ் விழுந்தால்கூட, பெரிய துணைச் சீட்டோடு வரும் ஏஸுக்குத்தான் நிறையத் தோற்பீர்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, நாங்கள் 304 விளையாடிப் பழகின ஆக்கள். இங்கை முறை போற பக்கமே குழப்பமாக் கிடக்கு.

304 வலப்பக்கமாகச் சுற்றும், போக்கர் இடப்பக்கமாக. ஆகவே உங்களுக்கு இடப்பக்கம் இருப்பவர் எப்போதும் உங்களைப் பார்த்துவிட்டு ஆடுகிறார். வலப்பக்கத்தவரை நீங்கள் பார்த்துவிட்டு ஆடுகிறீர்கள். மற்ற எல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

ஈரோடு: உங்க எச்சரிக்கை புரியலை. ஸ்மால் பிளைண்ட்ல பாதி ஏற்கெனவே போட்டாச்சு. தள்ளுபடி விலைல ஃப்ளாப் பார்க்கிறதுக்கு எதுக்குங்க பயப்படணும்?

போட்ட பாதி உங்களுடையது இல்லை, அது பாட்டின் பணம். விலையைக் கணக்குப் போடுவோம். பட்டன் 2.5 ஏற்றுகிறார். நீங்கள் 2 போட்டால் மொத்தப் பாட் 6. நஷ்டமில்லாமல் இருக்க உங்களுக்குத் தேவை 33.3% வெற்றி. அதே இடத்தில் பிக் பிளைண்டுக்கு (நீங்கள் மடித்திருந்தால்) 1.5 போட்டால் பாட் 5.5, தேவை 27.3%. பேச்சளவில் 40% ஜெயிக்கும் ஒரு கை என்று கொள்ளுங்கள். முதலில் பேசுவதால் அதில் முக்கால்தான் கைக்கு வரும் என்றால் 30%. பிக் பிளைண்டுக்கு அது லாபம், உங்களுக்கு நஷ்டம். சீட்டு ஒன்றுதான், நாற்காலிதான் வேறு.

இதில் ரேக் (மேசை நடத்துபவர் பாட்டிலிருந்து எடுக்கும் பங்கு) சேரவில்லை. 5% எடுத்தால் 6 என்பது 5.7, தேவை 35.1% ஆகிறது. பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் பேசவில்லை, அவர் 13-க்கு ஏற்றினால் உங்கள் 2 காற்றில் போச்சு. மடித்தால் உங்கள் நஷ்டம் 0.5, அதோடு முடிந்தது. கால் போட்டு சராசரியாக 0.8 இழப்பவர், தள்ளுபடி என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் 0.3 கூடுதலாகக் கட்டுகிறார்.

ஆட வேண்டிய கை என்றால் மறுபடி ஏற்றுங்கள். கடைசியில் பேசும்போது மூன்று மடங்கு, சுமார் 7.5, போதும். ஸ்மால் பிளைண்டிலிருந்து 10 முதல் 12 வரை. ஏனென்றால் கால் போட்டு வருகிறவருக்கு இடம் சாதகம், அதற்கு அவர் விலை கொடுக்கட்டும். ஃப்ளாப்புக்கு முன்னாலேயே முடிந்தால் பெரும்பாலான மேசைகளில் ரேக்கும் கிடையாது.

கோவை: யூ.டி.ஜி.யில் கிங்-குயின்?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இரண்டும் ஒரே இனம் என்றால் ஆறு பேர் மேசையில் தாராளமாக.

தாம்பரம்: ஈரோட்டுக்காரர் சொல்றதுல நியாயம் இருக்கு. சின்ன ஜோடிய மறுபடி ஏத்தவா முடியும்? 5-5 வெச்சிருந்தா கால் போட்டு மூணு அஞ்சு வருதான்னு பார்க்கணும்.

பாதி நியாயம். ஜோடியோடு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு விழ வாய்ப்பு 11.8%, எட்டரைக்கு ஒரு தடவை. விழுந்தால் மட்டும் போதாது, எதிராளி பணம் கட்டவும் வேண்டும். யூ.டி.ஜி. ஏற்றியிருந்தால் அவர் கையில் பெரிய ஜோடியோ ஏஸ்-கிங்கோ இருக்க வாய்ப்பு அதிகம், கட்டுவார். பட்டன் பாதிச் சீட்டைத் திறக்கிறவர். உங்களுக்கு மூன்று ஐந்து வந்த ஃப்ளாப்பில் அவரிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. முதலில் பேசுவதால் பாட்டைப் பெருக்குவதும் சிரமம்: செக் போட்டால் அவரும் செக் போட்டுவிடுவார், போட்டால் மடித்துவிடுவார். பட்டனுக்கு எதிராக 5-5-ஐ மறுபடி ஏற்றுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சுகமில்லை என்றால் மடியுங்கள்.

ஈரோடு: எங்க ஆட்டத்துல ரேக் கிடையாது. பிக் பிளைண்ட்ல இருக்கிறவர் சாது, எப்பவும் கால்தான் போடுவார். இப்ப என்ன சொல்றீங்க?

அப்படியானால் என் கணக்கில் இரண்டு பாரம் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ரேக் இல்லாமல், பின்னால் சாதுவும் இருந்தால் ஜோடிகளையும் ஒரே இனத் தொடர்ச் சீட்டுகளையும், உதாரணமாக இஸ்பேட் 10-9, கால் போடலாம். ஆனால் 33.3% மாறவில்லை, மூன்று சுற்றும் நீங்கள் முதலில் பேசுவதும் மாறவில்லை. ஏஸ்-8, கிங்-10 என்று வேறு வேறு இனத்தில் வருவதையும் ‘தள்ளுபடி’ என்று சேர்த்துக்கொள்கிறீர்களே, அங்கேதான் பணம் போகிறது.

எல்லாரும் மடித்து, நீங்களும் பிக் பிளைண்டும் மட்டும் மீதி என்றால் அது வேறு ஆட்டம். 0.5 சேர்த்தால் பாட் 2, தேவை 25%. அங்கே லிம்ப் (ஏற்றாமல் பிக் பிளைண்டுக்குச் சமமாக மட்டும் கட்டுவது) நல்ல ஆட்டம்தான், சால்வர்களும் (சரியான ஆட்டத்தைக் கணக்கிடும் கணினி நிரல்கள்) நிறையவே லிம்ப் செய்கின்றன. ஏற்றினால் 3-க்கு ஏற்றுங்கள்; 2.5 போதாது, அவருக்கு இடம் சாதகம், கால் போட்டுக்கொண்டு வருவார்.

நெல்லை: ரெண்டு பேர் மட்டும் ஆடினா பட்டன் யாருக்கு?

பட்டன்தான் ஸ்மால் பிளைண்ட். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில், அப்புறம் எல்லாச் சுற்றிலும் கடைசி. வீட்டு ஆட்டங்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாக ஆடுகிறார்கள்.

சிங்கப்பூர்: நாற்காலியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றால் எதில் உட்காருவது?

நல்ல கேள்வி. நிறையக் கை ஆடுகிறவரும், முன்னால் சிப் குவித்து வைத்திருப்பவரும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவர்கள் செய்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆடலாம். இறுகப் பிடித்து ஆடுகிறவர் இடப்பக்கம்: நீங்கள் பட்டனில் இருக்கும்போது அவர்தான் ஸ்மால் பிளைண்ட், மடித்துவிடுவார். 2.5 போட்டு 1.5-ஐத் தூக்கப் பார்க்கிறோம். பிளைண்டுகள் இருவரும் சேர்ந்து 62.5% தடவை மடித்தால் கையில் என்ன சீட்டு என்பதே தேவையில்லை.

இன்னொன்று, இலவசமாகக் கிடைப்பது: உங்கள் முறையில் ஆடுவதற்கு முன் இடப்பக்கம் ஒரு தடவை பாருங்கள். கட்-ஆஃபும் பட்டனும் சீட்டை வீசத் தயாராக விரலில் பிடித்திருந்தால் பட்டனின் சாதகம் உங்களுடையது. அதே காரணத்தால் உங்கள் முறை வருவதற்கு முன் உங்கள் சீட்டைப் பார்க்காதீர்கள்.

தாம்பரம்: யூ.டி.ஜி.யில் ஸ்ட்ராடில் போட்டா கடைசில பேசலாம்ல?

ஃப்ளாப்புக்கு முன் மட்டும். சீட்டைப் பார்க்காமல் 2 போடுகிறீர்கள். ஃப்ளாப் விழுந்ததும் பிளைண்டுகள் இரண்டுக்கு அடுத்தபடி நீங்கள், மற்ற எல்லாரும் உங்களுக்குப் பின்னால். எல்லாருடைய 100-ம் 50 ஆகிவிடுகிறது. வாங்கிய இடம் ஒரே சுற்றில் காலாவதி.

திருப்பூர்: யூ.டி.ஜி.யில் ஏஸ்-பத்து?

மூன்றாவது தடவை. ஒரே இனம் என்றால் ஆடுங்கள், இல்லையென்றால் மடியுங்கள். இனி யூ.டி.ஜி. கைகளுக்குப் பதில் இல்லை.

வேலூர்: டோர்னமென்ட்ல 10 பிளைண்ட்தான் மிச்சம். அப்பவும் இதே விதியா?

இல்லை. ஆல்-இன் (மிச்சம் உள்ளது முழுவதும்) போட்டால் ஃப்ளாப்புக்கு அப்புறம் பேசவே வேண்டியதில்லை, கடைசியில் பேசும் சாதகம் செத்துவிடுகிறது. பின்னால் எத்தனை பேர் என்பது மட்டும்தான் மீதி. எல்லாரும் மடித்து ஸ்மால் பிளைண்டுக்கு வந்தால் பாதிக்கு மேற்பட்ட கைகளோடு ஆல்-இன் தள்ளலாம்.

பெயர் போடாதவர்: ஒமாஹாவில் எப்படி?

இடத்தின் மதிப்பு அங்கே இன்னும் அதிகம். நுணுக்கம் ஒமாஹா ஆடுகிறவர்களிடம் கேளுங்கள்.

சென்னை: பணம் கட்டி ஆட நல்ல ஆப் சொல்லுங்க ஜி.

சொல்ல மாட்டேன். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியல் போக்கருக்கும் ரம்மிக்கும் செல்லாது என்றது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கிறது.

ஈரோடு: சரிங்க. அடுத்த 300 கையை எழுதி வெச்சு, கால் போட்டதுல லாபமா நஷ்டமான்னு பார்த்துட்டு வரேன்.

ஆறு பேர் மேசையில் 300 கை என்றால் ஸ்மால் பிளைண்ட் 50 தடவைதான் வரும். அதில் பட்டன் ஏற்றி, நீங்கள் கால் போட்டது பத்தோ என்னவோ. ஒரே ஒரு மூன்று ஐந்து அந்தக் கணக்கையே புரட்டிவிடும், அப்புறம் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவீர்கள். 10,000 கை எழுதுங்கள். பட்டன் ஏற்றியதை ஒரு பத்தியில், யூ.டி.ஜி. ஏற்றியதை இன்னொரு பத்தியில். மடித்ததற்கு 0.5 நஷ்டம் என்று எழுத மறக்காதீர்கள், அதோடுதான் ஒப்பிட வேண்டும்.